மூன்றாம் நம்பர் காரில் எறும்பு

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நின்று பேசினால் எனக்கு மூச்சு வாங்கும், உட்கார்ந்து பேசினால் கோபம் வரும். அதனால் எழுதித் தந்துவிடுகிறேன். படித்துவிட்டு டிராயரில் போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் மட்டும் மாட்டாதீர்கள். ‘வாடிக்கையாளரே நம் தெய்வம்’ என்று அங்கே ஏற்கெனவே ஒன்று தொங்குகிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டுதான் நேற்று உங்களில் ஒருவர் டெலிபோனில், “பில்லில் ஏறிவிட்டால் கட்டித்தான் ஆகணும் சார், எங்க ரெகார்டு அப்படித்தான் சொல்லுது” என்று அழுத்தந்திருத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அதே வாக்கியத்தை என் இருபத்திரண்டாவது வயதில் இதைவிட அழகாக டைப் அடித்து, சீல் குத்தி, தபாலில் அனுப்பியவள் நான். அதனால் என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்கிறேன். கார் எப்படி ஒதுக்குவது, மைல் எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

மாநிலம் பிரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். அதற்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் போவது பக்கத்துத் தெருவுக்குப் போகிற மாதிரி. பிரிந்த பிறகு வாளையாரில் குறுக்கே கட்டை போட்டு, அந்தக் காகிதம் எங்கே, இந்தக் காகிதம் எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். காகிதம் பெருகியதும், பாலக்காட்டில் வாடகைக்குக் கார் விட்டுக்கொண்டிருந்த எங்கள் முதலாளிக்கு ஒரு டைப்பிஸ்ட் வேண்டியிருந்தது. கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து நான் போய்ச் சேர்ந்தேன். ‘கார் கம்பெனிக்குப் பெண்ணை அனுப்பறார் பாரு’ என்று எங்கள் தெருவில் அப்பாவின் காதுபடவே பேசினார்கள். அப்பா ரிட்டயராகியிருந்தார், பென்ஷன் அரிசிக்கே போதாது. பேசட்டும் என்று நான் தினமும் ஒன்பது மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

நாலு கார், நாலு டிரைவர், ஒரு டெலிபோன், ஒரு டைப்ரைட்டர், அதன் முன்னால் நான். அவ்வளவுதான் கம்பெனி. கட்டணத் தகராறு என்று வந்தால் இரண்டே விஷயந்தான். ஒன்று, வெயிட்டிங். வண்டி பார்ட்டிக்காகக் காத்து நின்ற நேரத்துக்குப் பணம். இன்னொன்று, காலி ஓட்டம். ஒருவரைத் தூரத்து ஊரில் இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பினால் அந்த மைலுக்கும் அவரேதான் கொடுக்க வேண்டும். டிரைவர் ட்ரிப் ஷீட்டில் எழுதுவார், பார்ட்டி அதில் கையெழுத்துப் போடுவார். யாராவது மறுத்து எழுதினால், ஷீட்டைப் பார்த்துப் பதில் எழுதுவது என் வேலை.

அந்த வேலையில் எனக்கு ஏகப்பட்ட திமிர் இருந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கடிதம் போன இடத்திலிருந்து பணம் வராமல் இருந்ததில்லை. “ஏம்மிணி, நீ எழுதற கடுதாசியப் படிச்சா எனக்கே பணங் கட்டிப் போடலாமான்னு இருக்குது” என்று முதலாளி சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது.

இந்த நிலையில்தான் சூரியநெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேயிலை எஸ்டேட்டில் ஃபேக்டரி வேலை பார்க்கும் சுடலைமுத்து என்பவர் எழுதியிருந்தார். அவருடைய தாயார் கொழுந்து பறிக்கையில் சரிவில் விழுந்து இடுப்பும் காலும் முறிந்து, பாலக்காட்டில் ஒரு வைத்தியசாலையில் ரெண்டு மாசம் கிடந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் உட்கார முடியாது என்று எங்களுடைய மூன்றாம் நம்பர் காரை எடுத்து, பின் ஸீட்டில் அவளைப் படுக்க வைத்து, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர், மூணாறு வழியாகக் கூட்டிப் போயிருந்தார். ஓடிய மைலுக்கும் காலி ஓட்டத்துக்கும் கையோடு கொடுத்துவிட்டார். பிறகு பில் அனுப்பிக் கேட்ட வெயிட்டிங்கை மட்டும் தரவில்லை.

“மறையூரில் கார் நின்றது என் வேலைக்காக அல்ல. வண்டி சூடாகிவிட்டது, ஆற வேண்டும் என்று சொல்லி என் தாயாரைப் புளியமரத்தடியில் பாய் விரித்து இறக்கச் சொன்னார் டிரைவர். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். நான் நிறுத்தாத வண்டிக்கு நான் வெயிட்டிங் தர மாட்டேன்.” குண்டு குண்டான எழுத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தார்.

நான் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். ‘மறையூரில் பார்ட்டி சொந்த வேலை, வெயிட்டிங் நாலு மணி’ என்று இருந்தது. கீழே சுடலைமுத்துவின் கையெழுத்து. எனக்கு அது போதும். டிரைவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூடான வண்டியை எடுத்துக்கொண்டு எவனாவது போவானா என்று யோசிக்கவில்லை. ‘தாங்களே கையொப்பமிட்ட ஷீட்டுக்கு மாறாக, உண்மைக்குப் புறம்பான காரணங்களைக் கூறிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முயல்வது வருந்தத்தக்கது’ என்று அடித்தேன். பிறகு உறையின் மேல் விலாசம் அடிக்கும்போது ஒரு சாமர்த்தியம் செய்தேன். சுடலைமுத்து என்று அடித்து, அதன் கீழே, ‘எஸ்டேட் மேனேஜர் மூலமாக’ என்று சேர்த்தேன்.

அந்தக் காலத்தில் அது வழக்கம். எஸ்டேட் ஆட்களுக்குக் கடைக்காரனோ கம்பெனியோ கடிதம் எழுதினால் மேனேஜர் மூலமாகத்தான் எழுதுவது. வக்கீலுக்கு எழுதினால் நேராக வக்கீலுக்கு எழுதுவோம், மாஜிஸ்திரேட் மூலமாக எழுத மாட்டோம். தொழிலாளிக்கு மட்டும் மேலே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு எழுதுவோம். ஏன் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்தே நாளில் எஸ்டேட் ஆபீஸிலிருந்து மணியார்டர் வந்துவிட்டது. சம்பளத்தில் பிடித்து அனுப்பியிருந்தார்கள். முதலாளி எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் ஆபீஸ் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். கையில் துணிப்பை, அதில் வைத்தியசாலைத் தைலப் பாட்டில். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த என் கடிதத்தை எடுத்தார்.

“இதை எழுதுனது யாருங்கம்மா?”

“நான்தான். கம்பெனிக்காக எழுதினேன்.”

“நீங்கதானா?” என்று என்னை ஒரு தடவை பார்த்தார். “வயசான ஆளா இருக்கும்னு நெனச்சு வந்தேன். நான் சூரியநெல்லி சுடலைமுத்து.”

பணத்தைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஷீட்டுக் கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் கையை ஆட்டினார்.

“பணம் பிடிச்சாச்சு, அது போவட்டும். இந்தக் கடுதாசிய மஸ்டர்ல வச்சு வாசிச்சாகம்மா.” மஸ்டர் என்றால் காலையில் வேலை பிரிக்க எஸ்டேட் ஆட்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்துகிற இடம். “அம்புட்டுப் பேரும் நிக்காக. எம் பொஞ்சாதி நிக்கா, எம் மச்சினன் நிக்கான். கம்பெனிய ஏமாத்தப் பாத்தவன்னு சொல்லி வாசிச்சாக. ஃபேக்டரி ஸ்டோர் சாவி இந்த மாசம் எனக்குத் தாரதா இருந்தாக. பதினெட்டு வருசம் எலை சுமந்து, மெசின்ல நின்னு வந்த வேலை. பொய் சொல்லுதவன் கையில சாவி குடுக்க மாட்டேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. வார திங்கக்கிழமை மஸ்டர்ல வேற ஆளு பேரச் சொல்லப் போறாக. அதுக்குள்ள, நான் பொய் சொல்லலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

இப்போது இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. நான் ஷீட்டை அவர் பக்கம் திருப்பி, “இது உங்க கையெழுத்துதானே?” என்று கேட்டேன்.

“என் கையெழுத்துதான்.”

“அப்போ நான் எப்படி எழுதறது?”

அவர் குனிந்து அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். “நான் போடும்போது இதுல இம்புட்டு எழுத்து இல்லம்மா” என்றார்.

“எல்லாரும் அதைத்தான் சொல்றா” என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. கடிதத்தை அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “வாரேம்மா” என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். நான் அடுத்த கடிதத்தை அடிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை கல்பாத்தி வக்கீல் மாமி புயல் மாதிரி வந்தாள். அடுத்த மாதம் அவள் பெண்ணுக்குக் கல்யாணம், நாலு காரும் நாலு நாளைக்கு எங்களிடந்தான் பேசியிருந்தது. பட்டுப்புடவை எடுக்க மூன்றாம் நம்பர் காரில் கோயம்புத்தூர் போய் வந்திருந்தாள்.

“ஏண்டி, இது காரா, எறும்புப் புத்தா? வாளையார் தாண்டறதுக்குள்ளே முதுகெல்லாம் தடிச்சுப் போச்சு. செக்போஸ்டிலே கீழே இறங்கி நின்னு புடவையை உதறிண்டிருக்கேன், லாரிக்காராள்ளாம் வேடிக்கை பார்க்கறா! இந்த எறும்பு எங்கேந்து வந்ததுன்னு எனக்கு எழுத்துலே பதில் வேணும். வாயாலே சொன்னா ஆத்துலே சம்மதிக்கமாட்டா. அவருக்கு எல்லாம் எழுத்துலே வேணும்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமியை உட்கார வைத்துவிட்டு, எழுதுவதற்கு முன் பார்த்துவிடலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். அன்றைக்கு நான் செய்த முதல் நல்ல காரியம் அதுதான். பின் ஸீட்டைத் தூக்கினேன். கட்டெறும்பும் சிற்றெறும்புமாக அடியில் ஒரு ஊரே இருந்தது. ஸீட்டுக்கு அடியிலும் டிக்கி மூலையிலும் காய்ந்த கரும்புச் சோகை, அதில் ஒட்டிக்கொண்டு கரும்பழுப்பாக வெல்லத் துணுக்குகள். உருண்டை பிடித்த வெல்லம், விரல் பதிந்த தடம்கூடத் தெரிந்தது. பாலக்காட்டுக் கடைகளில் அந்த மாதிரி உருண்டை வந்தால் அது மறையூரிலிருந்துதான் வரும்.

மறையூர் என்று மனசில் சொல்லிக்கொண்டதுமே சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்பி வந்து சுடலைமுத்துவின் ஷீட்டை மறுபடி எடுத்தேன். நேற்று பார்த்த அதே தாள்தான். ஆனால் நேற்று கையெழுத்தைத்தான் பார்த்தேன், இன்றைக்கு அதற்கு மேலே இருந்த வரியைப் பார்த்தேன். மற்ற வரிகளெல்லாம் தாராளமாக எழுதியிருக்க, அந்த வெயிட்டிங் வரி மட்டும் கையெழுத்துக்கு மேலே இடம் போதாமல், எழுத்தைக் குறுக்கி நெருக்கி அடைத்திருந்தது. கண்ணுக்கு நேரே இருந்திருக்கிறது.

டிரைவர் ரங்கசாமி நல்ல மனுஷன், கொழிஞ்சாம்பாறைக்காரர். கூப்பிட்டு ஷீட்டைக் காட்டினேன். “மறையூர்லே என்ன நடந்தது, ரங்கண்ணா?”

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

“முதலாளி சொன்னாருங்க. எப்படியும் காலியாத்தான வரப்போறே, வாரப்ப வெல்லம் ஏத்திட்டு வந்துருன்னு. போறப்பவே சொல்லி வெச்சாத்தானுங்க மறுநா காத்தால உருண்டை புடிச்சு வெப்பாங்க. ஆலை உள்ளுக்குள்ள கரும்புக் காட்டுல இருக்குதுங்க. அர மணியில வந்தர்லாம்னுதான் போனனுங்க. ஆலைக்காரரு இல்ல, நேரமாயிப் போச்சு. பெரியாத்தாளக் கட்டுப் போட்ட காலோட அந்தக் குண்டுங்குழித் தடத்துல கொண்டு போவ முடியாதுன்னு மரத்தடியில எறக்குனனுங்க.”

“அவர் கையெழுத்து?”

“மொதல்லயே வாங்கிருவமுங்க. எல்லாரும் அப்படித்தானுங்க பண்றது. வெயிட்டிங்க அப்பறமா நான்தான் எழுதினேன். நேரமானதுக்கு முதலாளிகிட்டச் சொல்றதுக்கு வேணுமில்லீங்க.” பிறகு, “நேத்து அவரு வந்துட்டுப் போறதப் பாத்தனுங்க. ஷெட்டுக்குள்ளயே நின்னுட்டேன்” என்றார்.

ஆக, அந்த மனிதரிடம் இரண்டு தடவை அநியாயம் செய்திருந்தோம். எங்கள் வெல்லத்துக்காக அவரை வெயிலில் நிறுத்தி அதற்குப் பணம் வாங்கினோம். வெல்லம் ஏற்றி வந்த வண்டியைக் காலி ஓட்டம் என்று சொல்லி அதற்கும் பணம் வாங்கினோம். இரண்டையும் உண்மை என்று தீர்ப்பு எழுதி, அவர் வேலைக்கே உலை வைத்தது நான். அழுவதற்கு நேரமில்லை, அன்று வெள்ளிக்கிழமை.

நேரே முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. செலவுக் கணக்கில் கெட்டிக்காரர், அவ்வளவுதான்.

“செரி, தப்புத்தான். அந்தப் பணத்த மணியார்டர் பண்ணிப் போடு, முடிஞ்சுது” என்றார்.

“அவர் பணம் கேட்கலை. பொய் சொல்லலைன்னு ஒரு வரி கேட்டார்.”

“அதெல்லாம் எழுதினா கம்பெனி பேரு என்னாகும் அம்மிணி? நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஷீட்டு பொய்யும்பான்.”

“ஷீட்டு பொய்தானே!”

“சத்தம் போடாத. பணம் போகும், காயிதம் போகாது. சீலு என்ற கையில இருக்குது.”

அந்த நிமிஷம் நான் தெளிவாக யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது, என் சம்பளத்தில் ஒரு வீடு ஓடியது. ஆனால் இன்னொன்றும் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்கு நாலு காரும் பேசியிருந்த மாமி வெளியே எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“சரி. வெளியிலே வக்கீல் மாமி இருக்கா. எறும்பு எங்கேந்து வந்ததுன்னு எழுத்துலே கேட்கறா. மறையூர் வெல்லத்துலேந்து வந்ததுன்னுதான் நான் எழுதப்போறேன், வேறே எழுத எனக்குத் தெரியாது. ஒரே கார், ஒரே ட்ரிப். மாமிக்கு வெல்லம் ஏத்தினோம்னு எழுதிட்டு, சூரியநெல்லிக்குக் காலியா வந்தோம்னு சொல்ல முடியுமா? ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் போகணும்.”

வெளியே மாமி யாரிடமோ எறும்புக்கடியைக் காட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. “வெல்லம்னே எழுதோணுமா?” என்று கேட்டார் முதலாளி.

“எறும்பு தானா வந்ததுன்னு எழுதட்டுமா?”

மேஜை டிராயரைத் திறந்து சீலை எடுத்து என் முன்னால் தள்ளினார். “குத்திக்க. குத்திட்டு வேற எடமும் பாத்துக்க.”

மாமியின் பதிலை அவள் கையிலேயே கொடுத்தேன். படித்துவிட்டு, “உள்ளதைச் சொன்னியே, போ” என்று சொல்லி எழுந்துபோனாள். சூரியநெல்லிக் கடிதத்தைத் தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராது. “வண்டிய நான் எடுக்கறனுங்க. பெட்ரோலு என்ற சம்பளத்துல புடிச்சுக்கட்டும். எழுதுன கை என்ற கைதானுங்களே” என்றார் ரங்கசாமி. முதலாளியிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். துணைக்கு அப்பா வந்தார், பொள்ளாச்சியிலிருந்து தூங்கிக்கொண்டே வந்தார். மறையூரில் அந்தப் புளியமரத்தருகே வண்டியை நிறுத்தச் சொன்னேன். மத்தியான வெயில். நிழல் என்று பேருக்குத்தான் இருந்தது, பக்கத்தில் தண்ணீர் கிடையாது, கடை கிடையாது. பத்து நிமிஷம் நின்றேன், அதற்கு மேல் முடியவில்லை. ரங்கசாமி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அன்று ராத்திரி மூணாறில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா வீட்டில் தங்கி, விடிந்ததும் சூரியநெல்லிக்குப் போய்விட்டோம்.

மஸ்டருக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் ஆபீஸ் அறைக்குப் போய் மேனேஜரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். “சரி, ஃபைலில் வைத்துக்கொள்கிறேன்” என்றார் இங்கிலீஷில்.

“முதல் கடிதத்தை ஃபைலில் மட்டும் வைக்கவில்லையே சார். எல்லார் முன்னாலும் படித்தீர்களே” என்றேன்.

“கம்பெனிகளின் மன்னிப்புக் கடிதத்தை மஸ்டரில் படிக்கிற வழக்கம் இங்கே இல்லை.”

“கம்பெனிகளின் குற்றச்சாட்டைப் படிக்கிற வழக்கம் மட்டும் இருந்ததா சார்? அதை உங்கள் மூலமாக அனுப்பியது நான்தான். செய்திருக்கக் கூடாது. செய்தாயிற்று. இதுவும் அதே வழியில் போகவில்லையென்றால் நான் வந்ததற்கு அர்த்தம் இல்லை.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, “நீங்களே படியுங்கள்” என்று சொல்லி எழுந்தார்.

பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசை வரிசையாக நின்றார்கள். சுடலைமுத்து மூன்றாவது வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது, இன்னும் என்ன கொண்டு வந்திருக்கிறாளோ என்று நினைத்திருப்பார். தமிழில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். “எங்கள் கார் மறையூரில் நாலு மணி நேரம் நின்றது எங்கள் கம்பெனி வெல்லம் வாங்குவதற்காக. அந்த நேரம் முழுவதும் திரு. சுடலைமுத்துவும் அவர் தாயாரும் மரத்தடியில் இருக்கும்படி ஆயிற்று. கார் திரும்பியது காலியாக அல்ல, வெல்லத்தோடு. இரண்டுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறோம். நாங்கள் எழுதிய கடிதம் பொய். திரு. சுடலைமுத்து எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை.” கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. அதனால் அதை இன்னொரு தடவை, சத்தமாகப் படித்தேன்.

யாரும் கை தட்டவில்லை. பின்னால் ஒரு பெண்பிள்ளை மட்டும், “அப்படிச் சொல்லுங்கம்மா!” என்றாள். அவர் மனைவியாம். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சுடலைமுத்து, பத்து மணிக்கு ஆபீஸுக்கு வந்து ஸ்டோர் சாவியை வாங்கிக்கொள்” என்றார். ஆட்கள் மலைக்குப் பிரிந்தார்கள்.

இந்த இடத்தில், வேலை போனதா என்று கேட்பீர்கள். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நான் பாட்டுக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலாளி பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள், “கோயமுத்தூருக்கு ஒரு கடுதாசி எழுதோணும்” என்றார். ட்ரிப் ஷீட்டில் ‘பார்ட்டி எழுதுவது’ என்று ஒரு இடம் சேர்த்தேன், அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். மேனேஜர் மூலமாக என்று அதற்குப் பிறகு நான் ஒருவருக்கும் கடிதம் எழுதியதில்லை. உங்களுக்கும் அதே புத்தி வேண்டும். ஒருவரோடு தகராறு என்றால் அவரோடு பேசுங்கள். அவருடைய ஆபீசரையோ மாமனாரையோ தேடிப் பிடிக்காதீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. ஆட்கள் போன பிறகு சுடலைமுத்து என்னிடம் வந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. “இங்க எல்லாரும் கேட்டாக. எங்க ஆத்தா கேக்கலம்மா. தன் காலாலதான் மகனுக்குக் கெட்ட பேருன்னு அது சோறு திங்காம கெடக்கு. லைனுக்கு வந்து அதுக்கும் ஒரு வாட்டி வாசிச்சிருங்க” என்றார்.

லைன் என்பது தொழிலாளிகள் குடியிருக்கிற வரிசை வீடுகள். ஒற்றை அறை, அடுப்புப் புகை. கயிற்றுக் கட்டிலில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அந்த அம்மாள் படுத்திருந்தாள். அப்பா பக்கத்தில் நிற்க, நான் கீழே உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், “அந்த மரத்தடியில எனக்குத் தண்ணி வாங்கியாரக்கூட இவன் போவல. என்னைய ஒத்தையில விட மாட்டேன்னுட்டான். அதையும் எழுதணும்” என்றாள். பேனாவை எடுத்து அதையும் எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினாள்.

ரங்கசாமி உள்ளே வராமல் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“ஏய்யா, வெல்லம் நல்லபடியா ஊரு போயிச் சேந்துச்சா?”

“சேந்துதுங்காத்தா” என்றார் அவர்.

“உடையாம, நசுங்காம?”

“ஆமாங்க.”

“அப்ப உனக்குப் பத்திரமா ஓட்டத் தெரியும். இனிமே ஏறுற ஆளையும் அப்படியே கொண்டு போயிச் சேரு” என்று சொல்லிவிட்டு, மருமகளைக் கூப்பிட்டு எங்கள் மூன்று பேருக்கும் தேயிலைத் தண்ணீர் போடச் சொன்னாள்.